நிகழ்காலத்தில் ஒரு பதில்

புதன்கிழமை நண்பகல். தூம்பியா குன்றின் கூரைகளிலிருந்து
பனி பொதி பொதியாகச் சரிகிறது.
அவையின் நடுவே என் மேசை.
பத்தொன்பது ஆண்டுகளாக
இங்கே பேசப்படுவதைத் தட்டெழுதுகிறேன்.
இருமலை எழுதுவதில்லை.
சிரிப்பை எழுதலாம், அடைப்புக்குறிக்குள்,
அவை முழுக்கச் சிரித்தால் மட்டும்.

முதல் கேள்வி ஐவே கூஸ்மாவுடையது.
இதா-விருவிலிருந்து விடியலுக்கு முந்தைய ரயிலில் வந்தவர்.
எஸ்தோனியாவின் அந்த மூலையில்
பூமிக்கடியிலிருந்து எரியும் கல்லை எடுக்கிறோம்,
எரிக்கிறோம், மிஞ்சியதைக் குன்றாகக் குவிக்கிறோம்.
குழந்தைகள் அதில் பனிச்சறுக்குகிறார்கள்.

கேள்விக்கு இரண்டு நிமிடம்.
சிவப்பு எண்கள் இறங்கத் தொடங்கின.

"மாண்புமிகு அமைச்சரே,
சுரங்கம் நிலத்தடி நீரை இறைத்து ஆற்றில் விடுகிறது.
கென்னாடி புகோவின் கிணற்றில்
வாளி கல்லில் மோதி ணங்கென்கிறது.
செவ்வாய்தோறும் லாரியில் வரும் நீரை
அவர் குளியல்தொட்டியில் சேமிக்கிறார்.
அதனால் குளிப்பதில்லை.
சுரங்கத்தை எப்போது மூடுகிறீர்கள்?"

ஓலெவ் ரண்ட்மெட்ஸ் எழுந்தார்.
கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார்.
நீரியல் ஆய்வு, இடைக்கால நிதி, பிரஸ்ஸல்ஸ் தவணை:
இவையெல்லாம் என் விரல்களுக்கு மனப்பாடம்,
நான் கேட்கக்கூட வேண்டியதில்லை.
கடைசியில் சொன்னார்:
"மூடுகிறோம்."

எங்கள் மொழியின் வினைச்சொல்லுக்கு எதிர்காலம் கிடையாது.
நேற்று உண்டு, இன்று உண்டு.
நாளையை இன்றிடம் இரவல் வாங்கிக்கொள்கிறோம்.
நாளைக்கு மழை பெய்கிறது.
அடுத்த கோடையில் கல்யாணம் செய்கிறேன் என்பான்
இன்னும் பெண்ணே பார்க்காதவன்.
மூடுகிறோம் என்றால்
இன்று மாலையா, நாங்களெல்லாம் போன பிறகா?
இலக்கணப்படி இரண்டும் சரி.

ஐவேயும் எங்கள் மொழிக்காரர்தானே.
"எந்த ஆண்டின் மூடுகிறோம், அமைச்சரே?"

(அவையில் சிரிப்பு) என்று அடித்தேன்.

நிதியமைச்சர் குறுக்கே எழுந்தார்.
மாயு தல்விக் குரல் உயர்த்த மாட்டார்.
"ஆயிரத்து நானூறு சம்பளங்கள்.
அவற்றில் ஒன்று உங்கள் தம்பியுடையது, இல்லையா?"

யாரோ தாள் புரட்டியதை நிறுத்தினார்கள்.
நாற்பத்தொன்று, நாற்பது, முப்பத்தொன்பது.
பேசாமல் நிற்பதற்கு எங்களிடம் குறியீடு இல்லை.
பதினேழு நொடி என் விரல்கள் விசைப்பலகையின் மேல்
சும்மா கிடந்தன.

"ஆமாம்" என்றார் ஐவே.
"அதனால்தான் ஆண்டைக் கேட்கிறேன்.
அவன் வீட்டுக்கடனுக்கு இன்னும் பதினோரு ஆண்டு.
கென்னாடிக்கு வயது எழுபத்திரண்டு.
இரண்டு பேருக்கும் ஒரே தெருவில் வீடு.
யாரிடம் முதலில் போய்ச் சொல்வது என்றாவது
எனக்குத் தெரிய வேண்டாமா?"

ஒலிவாங்கியை அணைத்த பின்
அவர் இன்னும் ஏதோ சொன்னார்.
உதடு எனக்குத் தெரிந்தது.
அணைந்த ஒலிவாங்கி சொன்னது குறிப்பில் சேராது,
இங்கும் சேர்க்கவில்லை.

அடுத்தது மீன்பிடி உரிமம் பற்றிய கேள்வி.

மாலை ஐந்தரைக்கு அமைச்சர் அலுவலகத்திலிருந்து போன்.
இனிமையான குரல். சின்னத் திருத்தம்தான்:
'மூடுகிறோம்' அல்ல,
'மூடுவது குறித்துப் பரிசீலிக்கிறோம்.'
நடையைத் திருத்தலாம், பொருளைத் திருத்தக் கூடாது
என்கிறது விதி. எது நடை, எது பொருள் என்று
விதி சொல்லவில்லை.

ஒலிப்பதிவை நான்கு முறை ஓட்டினேன்.
ஒரு மூச்சு இழுப்பு. பிறகு தெளிவாக, மூடுகிறோம்.
மூச்சையும் நாங்கள் எழுதுவதில்லை.

சொல்லை அப்படியே விட்டுவிட்டு
விளக்கை அணைத்தேன்.

அடுத்த புதன்கிழமை ஐவே மறுபடி கேட்கிறார்.
அமைச்சர் பதில் சொல்கிறார்.
நான் எழுதுகிறேன்.